உங்களுக்குத் தெரியுமா? 61-வது பிள்ளை
தொடக்கப் பள்ளியில் 61-வதாகச் சேரும் பிள்ளை, சட்டப்படி தன்னோடு ஓர் ஆசிரியரையும் அழைத்து வருகிறது! 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூவர்; 91 முதல் 120 வரை நால்வர்.

முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் போதாதா என்று கேட்கலாம். முப்பது பேரும் ஒரே வகுப்பென்றால் போதும். ஈராசிரியர் பள்ளியிலோ ஐந்து வகுப்புகளை இருவர் பங்குபோட வேண்டும். ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு 'அ' எழுதப் பழகும். அதே அறையில் மூன்றாம் வகுப்பு கழித்தல் கணக்கோடு காத்திருக்கும். ஒருவர் விடுப்பெடுத்தால் ஐந்தும் மற்றவர் தலையில். ஆகவே தலைகளை மட்டுமல்ல, வகுப்புகளையும் எண்ணித்தான் ஆசிரியர்களைத் தர வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கு அது வீண்செலவு என்ற வாதமும் நிற்காது: ஆசிரியர் குறைந்தால் பெற்றோர் வேறு பள்ளி தேடுவார்கள், சேர்க்கை இன்னும் சரியும்.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்றைய எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. உங்கள் ஊர்ப் பள்ளி 60-ஐ ஒட்டி நின்றால், அந்தத் தேதிக்குள் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.