பந்தியில் நீதி கேட்ட பவுல் அடிகள்

கத்தோலிக்க அன்பர்கள் சின்னப்பர் என்றும், புரொட்டஸ்தாந்த அன்பர்கள் பவுல் என்றும் வழங்கிவந்த திருத்தூதர் ஒருவரே. இவர் இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரல்லர். எனினும், கிறித்தவ சமயம் யூத நாட்டின் எல்லை கடந்து பரவுவதற்கு இவரைப்போல் உழைத்தோர் மிகச் சிலரே.

இன்றைய துருக்கி நாட்டின் தென்பாலுள்ள தர்சு நகரிற் பிறந்த யூதர் இவர். பரிசேயர் மரபில் வேதம் பயின்றவர். கூடாரம் செய்யுந் தொழிலும் அறிந்தவர். புதிய நெறியினரைத் தம் முன்னோர் சமயத்தின் பகைவரென எண்ணித் துன்புறுத்தினார். ஸ்தேவான் என்பார் கல்லெறியுண்டு மாண்டபோது, எறிந்தோரின் மேலாடைகள் இவர் காலடியிலேயே வைக்கப்பட்டன என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். தமஸ்கு நகருக்குச் செல்லும் வழியில் ஒளி கண்டு வீழ்ந்தவர், வேறு மனிதராய் எழுந்தார்.

பின்னர் எழுந்தது பெரியதொரு வினா. யூதரல்லாதார் கிறித்துவைப் பின்பற்ற விரும்பின், முதலில் விருத்தசேதனம் முதலிய யூத ஆசாரங்களை ஏற்றல் வேண்டுமோ? வேண்டா என்றார் பவுல். கி.பி. 49ஆம் ஆண்டளவில் எருசலேமிற் கூடிய மூத்தோர் இதனை ஆராய்ந்து, யூதரல்லாதார்மீது அச்சுமையை ஏற்றாது விட்டனர். ஆயினும், அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு உண்டுவந்த பேதுரு, பிறர்க்கு அஞ்சி அப்பந்தியை விட்டு விலகினார். மூத்த சீடரென்றும் பாராது, பலர் முன்னிலையில் அவரைக் கண்டித்தார் பவுல்.

இச்செய்தி நமக்குப் புதிதன்று. 1920களிலும் 1930களிலும் யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் சம ஆசனம், சமபோசனம் பற்றி எழுந்த பூசல்களை நாம் அறிவோம். ஒரே இறைவனை வணங்குவோர் ஒரே பந்தியில் அமர மறுப்பது முறையோ என்பதே இரண்டிடத்தும் வினா.

கொரிந்து நகரில் ஏறத்தாழ 18 மாதம் தங்கிய பவுல், கூடாரம் செய்தே சீவித்தார். அவர் பெயரால் வழங்கும் நிருபங்கள் 13. அவற்றுள் 7 ஐயமின்றி அவருடையன என்பர் அறிஞர். பிற்காலத்தில் அகுஸ்தீனாரும் மார்ட்டின் லூதரும் தம் வாழ்வின் திருப்பத்தை அவற்றிலேயே கண்டனர். பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தில், ஒநேசிமு என்னும் அடிமையைச் சகோதரனாக ஏற்குமாறு வேண்டுகிறார். எனினும், அடிமை முறையையே ஒழிக்குமாறு அவர் எழுதினாரல்லர். இக்குறையையும் நாம் மறைத்தல் தகாது.

நீரோ மன்னன் காலத்தில் உரோமாபுரியில் அவர் கொல்லப்பட்டார் என்பது மரபு. மாணவர்கள் எச்சமயத்தவராயினும், அந்தியோகியாப் பந்தியில் அவர் கேட்ட கேள்வியைத் தத்தம் இல்லத்துப் பந்தியிலும் கேட்டுப் பார்ப்பார்களாக.