வீடு மாறினாலும் முகவரி மாறாது

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி உள்ள வீடுகளில், பாவு தீர்ந்ததும் நெசவாளர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அச்சிலும் விழுதிலும் கோத்துள்ள பழைய இழைகளை அவர் உருவி எறிவதில்லை. அவற்றின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கிறார். ஆயிரக்கணக்கான இழைகள்! ஒன்று விட்டுப்போனாலும் துணியில் கோடு விழுந்துவிடும்.

ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சலைப் பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்கு மாற்றுவதும் ஏறக்குறைய இத்தகைய வேலைதான். சமீபத்தில் நம் நாட்டில் இது மிகப் பெரிய அளவில் நடந்தது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலை 1976-இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம் நடத்தி வந்தது. 2023-இல் இப்பணிக்கான ஒப்பந்தம் ஜோஹோ நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சல் அந்நிறுவனத்தின் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. (ஜோஹோவின் பெரிய வளாகம் கூடுவாஞ்சேரி அருகே உள்ளது. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து இடம்தான்!) ஆனால் ஊழியர்களின் முகவரிகள் 'நிக்.இன்', 'கவ்.இன்' என்றே முடிகின்றன. அவர்களுக்குக் கடிதம் எழுதும் யாரும் புது முகவரி எதையும் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. இது எப்படி இயலும்?

மின்னஞ்சல் முகவரியின் நடுவில் சுழிக்குறி ஒன்று உண்டல்லவா? 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலர் அதை அங்கே வைத்தார். குறிக்கு இடப்பக்கம் ஆளின் பெயர். வலப்பக்கம் அலுவலகத்தின் பெயர். இந்த இரண்டாவது பெயரைக் கணிப்பொறியின் பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. வலையில் கணிப்பொறிக்கு அடையாளம் எண்தான். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதைச் சொல்ல, பெயரேடு ஒன்று தனியே உள்ளது. தொடக்கத்தில் இது ஒரே ஒரு பட்டியலாக இருந்தது. எல்லாக் கணிப்பொறிகளும் அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டன. கணிப்பொறிகள் பெருகவே அது கட்டுக்கடங்காமல் போயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரேட்டைப் பல இடங்களில் பிரித்து வைக்கும் முறையை வகுத்தார். "இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை இன்ன கணிப்பொறியிடம் கொடு" என்ற தனிக் குறிப்பு 1986-இல் அதில் இடம்பெற்றது. அலுவலகம் மாறும்போது இந்தக் குறிப்பைத் திருத்தினால் போதும்.

அவ்வளவுதானா என்றால், சிக்கலே இங்குதான் தொடங்குகிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் பெயரேட்டைப் புரட்டினால் நேரம் வீணாகும். எனவே ஒருமுறை கேட்ட விடையைக் கணிப்பொறிகள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு காலம் வைக்கலாம் என்பதும் அந்தக் குறிப்பிலேயே விநாடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 86,400 என்றிருந்தால் ஒரு முழு நாள். குறிப்பைத் திருத்திய 6 மணி நேரம் கழித்தும், ஏற்கெனவே கேட்டு வைத்த கணிப்பொறிகளில் சுமார் முக்கால்வாசி பழைய விடையையே நம்பிக்கொண்டிருக்கும். இது கதிரியக்கச் சிதைவைப் போல நீண்டுகொண்டே போவதில்லை; 24 மணி நேரம் முடிந்ததும், ஒழுங்காக இயங்கும் கணிப்பொறிகளில் பழைய விடை அடியோடு மறைந்துவிடும். அனுபவசாலிகள் மாற்றத்துக்குச் சில நாள் முன்பே அந்த எண்ணை 300 ஆகக் குறைத்துவிடுவார்கள். பிறகு 5 நிமிடத்தில் ஊரே புதிய வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த இடைவேளையில் வரும் கடிதத்தின் கதி என்ன? பழைய கணிப்பொறியை அணைத்துவிட்டால் கடிதம் தொலைந்துவிடும் என்று நினைப்போம். அப்படியில்லை. கதவு திறக்காவிட்டால் அனுப்பும் கணிப்பொறி மீண்டும் மீண்டும் வந்து தட்டும்; வழக்கமாக 4, 5 நாள்கள்வரை முயன்று பார்க்கும். உண்மையான ஆபத்து, பழைய கணிப்பொறி விழித்திருந்து, கடிதத்தைப் பணிவாக வாங்கி வைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. அனுப்பியவருக்குக் கடிதம் சேர்ந்துவிட்டது. பெறவேண்டியவரோ புதிய பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் அறிந்த ஒரு கல்லூரி அலுவலகத்தில் இது நடந்தது. இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு, பழைய பெட்டியில் ஒன்பது நாள் கிடந்தது. கண்டெடுத்தபோது தேர்வு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தறியில் விட்டுப்போன இழை போன்றதுதான் இது. ஆனால் இந்தக் கோடு ஒரு பையனின் வாழ்க்கையில் விழுந்தது.

அப்படியானால் எல்லாரையும் நிறுத்திவைத்துவிட்டு, எல்லாவற்றையும் நகல் எடுத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி ஒன்றுக்கு 1 கிகாபைட் என்று வைத்துக்கொண்டாலும், 12 லட்சம் பெட்டிகளுக்கு 12 லட்சம் கிகாபைட். விநாடிக்கு 10 கிகாபிட், அதாவது 1.25 கிகாபைட் செல்லும் கம்பியில் அனுப்பினால் 9,60,000 விநாடி. சுமார் 11 நாள். ஓர் அரசாங்கத்தின் அஞ்சலை 11 நாள் பூட்டி வைக்க முடியுமா? ஆகவே அலுவல் நடந்துகொண்டிருக்கும்போதே பழைய கடிதங்களை நகலெடுக்கத் தொடங்கிவிட வேண்டும். மாற்றம் நடந்தபின், இடையில் வந்தவற்றை மட்டும் இன்னொரு முறை அள்ளிக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன அலுவலகம் விட்டுவிட்டது இந்த இரண்டாம் முறையைத்தான்.

வெளியே போகும் கடிதத்துக்கும் ஒரு காவல் உண்டு. இந்த அலுவலகத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள கணிப்பொறிகள் எவை என்ற பட்டியலும் பெயரேட்டில் இருக்கிறது. புதிய கணிப்பொறியை அதில் சேர்க்க மறந்தால், நீங்கள் அனுப்பும் கடிதம் போலி எனச் சந்தேகிக்கப்பட்டுக் குப்பைப் பெட்டிக்குப் போகலாம்.

பழைய கணிப்பொறியைச் சில வாரமாவது அணைக்காமல் வைத்து, அதன் பதிவேட்டில் யார் வந்து தட்டுகிறார்கள் என்று பார்ப்பது நல்லது. அந்தக் கல்லூரியில் பிற்பாடு அப்படித்தான் செய்தார்கள். மூன்று வாரம் கழித்தும் நாள்தோறும் காலை ஒன்பதரை மணிக்கு யாரோ தவறாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பார்த்ததில், கீழ்த்தளத்து வருகைப் பதிவு இயந்திரம் என்று தெரிந்தது. அதைப் பொருத்தியவர் பெயருக்குப் பதிலாகப் பழைய எண்ணையே அதில் எழுதி வைத்திருந்தார்.