ஆள் பார்க்காத செய்மதி

சிலாவத்துறைக்குப் பக்கத்தில் அரிப்புக் கரையோரம் ஒரு பாழ் மாளிகை நிற்கிறது. ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். கட்டியவர் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த். 1800களின் தொடக்கத்தில், முத்துப்பாரில் யார் குளிக்கிறார்கள் என்று கண்வைக்கக் கட்டினார். மாளிகையைக் கடல் அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது.

2007இல் இந்தக் கரை போர்முனை. செப்டெம்பரில் சிலாவத்துறையை இராணுவம் விடுதலைப் புலிகளிடமிருந்து பிடித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏப்ரலில், கண்வைக்க யாருமில்லாத வேறொரு இடத்தைப் பற்றி, வானத்தைப் பற்றி, ஒரு முறைப்பாடு கிளம்பியிருந்தது. இன்டெல்சாட் நிறுவனத்தின் 12ஆம் செய்மதியில் வாடகைக்குப் போகாமல் கிடந்த அலைவரிசையில் புலிகளின் தொலைக்காட்சி ஓடுகிறது என்று இலங்கைத் தூதரகம் வாஷிங்டனில் முறையிட்டது. களவு என்பதைப் புலிகள் மறுத்தார்கள். நிறுவனம் அந்த ஒளிபரப்பை நிறுத்திவிட்டது.

இப்படி ஒளிபரப்ப எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கத் தேவையில்லை என்பதுதான் விசேஷம். செய்மதியை நகர்த்தும் கட்டளைகளுக்குப் பொதுவாகக் காவல் உண்டு. ஒளிபரப்பைச் சுமக்கும் ட்ரான்ஸ்பொண்டரோ பழைய வகைச் செய்மதிகளில் வெறும் எதிரொலிப்பான். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்று, கீழிருந்து வருவதை வாங்கி, வேறு அலைவரிசைக்கு மாற்றி, வலுவேற்றி, ஏறத்தாழக் கால் செக்கனில் கீழே இறக்கிவிடும். வருவது கிரிக்கெட்டா, போர்ச்செய்தியா, அனுப்பியவர் வாடகை கட்டினாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. போதிய வலுவுள்ள டிஷ்ஷும் சரியான திசையும் இருந்தால் போதும். பிரேசிலில் லொறிச் சாரதிகள் அமெரிக்கக் கடற்படைச் செய்மதியிலேயே ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். 2009 மார்ச்சில் 39 பேரைப் பொலிஸ் பிடித்தது.

இன்னும் பத்தாண்டு பின்னே போனாலும் இதே கதைதான். 1997, 98 வாக்கில் ‘இணையக் கரும்புலிகள்’ என்று பெயர் சூட்டிக்கொண்டவர்கள் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் அனுப்பினார்கள். ஒரு நாட்டின் கணினிகள் மீது பயங்கரவாதிகள் தொடுத்த முதல் தாக்குதல் என்று அமெரிக்க உளவுத்துறை அதை வருணித்தது. எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது, நிரம்பியது தபாற்பெட்டிதான். ஆனால் மின்னஞ்சலைச் சுமக்கும் விதி 1982இல் எழுதப்பட்டது. அப்போது வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். அனுப்புநர் பெயரைச் சரிபார்க்க அந்த விதியில் ஏற்பாடு இல்லை.

மீண்டும் செய்மதிக்கு வந்தால், வானத்துக் கள்ளனைத் தேடும் வழி அழகானது. எந்த டிஷ்ஷும் முழு அலையையும் ஒரே புள்ளிக்கு அனுப்பாது. பக்கத்துச் செய்மதிக்கும் கொஞ்சம் சிந்தும். ஒரே அலை இரு செய்மதிகள் வழியாக வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டால் வரைபடத்தில் ஒரு கோடு விழும். செய்மதிகளின் சின்ன அசைவால் அலைவெண்ணில் ஏற்படும் வித்தியாசம் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடினால் ஆள் அகப்படுவான்.

பெரும்பாலான குறுக்கீடுகளுக்குக் காரணம் கள்ளரல்லர், டிஷ்ஷைச் சரியாகத் திருப்பாத தொழில்நுட்பவியலாளர். அதனால் 2013இல் ஒரு தரநிலை வந்தது: ஒளிபரப்பு அலைக்கு அடியில், பார்ப்பவர் கண்ணுக்குப் படாதபடி, அனுப்பும் கருவியின் எண்ணைப் புதைத்து அனுப்ப வேண்டும். கள்ளன் எண் போடமாட்டான். எண்ணில்லாத அலை ஓடுகிறதென்றால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அதுவே ஒரு தடயம்.