ஸ்பவுஸ் விசா இன்டர்வியூ: உங்க சென்னை சம்பளம் கணக்குல வராது!

கணவரோ மனைவியோ அமெரிக்க சிட்டிசன், உங்களுக்கு மும்பை கான்சுலேட்ல இன்டர்வியூ. கல்யாண ஆல்பத்தை யாரும் மறக்கிறதில்ல. கோட்டை விடுறது ஐ-864 ஃபார்ம்லதான். ஸ்பான்சரோட வருமானம், அந்த நாட்டு வறுமைக்கோட்டு அளவுல 125 சதவீதமாவது இருக்கணும். நீங்க விட்டுட்டுப் போகப்போற வேலையோட சம்பளம் இதுல சேராது. ஆனா உங்க எஃப்டி சேரும்! எவ்வளவு குறையுதோ, அதுக்கு 3 மடங்கு சொத்து காட்டணும். 5,000 டாலர் குறைஞ்சா 15,000. ஒரு வருஷத்துக்குள்ள பணமாக்க முடியணும். அதுவும் பத்தலைன்னா ஜாயின்ட் ஸ்பான்சர்தான்.

பேப்பர் குறைஞ்சா 221(ஜி) சீட்டு கொடுத்து அனுப்பிடுவாங்க. என்கிட்ட வந்த தம்பி ஒருத்தர், இன்டர்வியூ தேதி வந்த சந்தோஷத்துல வேலையை ரிசைன் பண்ணிட்டார். மூணு மாசம் இஎம்ஐ கட்டினது அவங்க அப்பா. விசா ஒட்டின பாஸ்போர்ட் கைக்கு வரட்டும், அப்புறம் மெயில் அனுப்புங்க.