ஜீப்புக்கு இரும்புப் படி! எது உதவும்? எது உபத்திரவம்?

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குப் போக வேண்டுமானால் கண்மாய்க் கரையைத் தாண்ட வேண்டும். ஆள் உயரச் செம்மண் மேடு அது.

ஐப்பசி மாதம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை.

என் உறவினர் ஒருவர் தம்முடைய புது ஜீப்பில் கரை ஏறினார். பக்கத்து ஆசனத்தில் அவருடைய அப்பத்தா. வயது எழுபத்தெட்டு. முழங்கால் வலிக்காரி. "வெட்டின காயை என் கண்ணால எண்ணிப் பார்க்கணும்" என்று பிடிவாதமாகக் கிளம்பியவர்.

முன் சக்கரங்கள் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கின. பின் சக்கரங்கள் இன்னும் இந்தப் பக்கம். அப்போது "டமார்" என்று ஒரு சத்தம்! வண்டி நடுவயிற்றில் கரை மேல் உட்கார்ந்து கொண்டது. சக்கரம் சுற்றுகிறது. வண்டி நகரவில்லை.

"இறங்கி நில்லு அப்பத்தா" என்றார் பேரன்.

அப்பத்தா கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. பேரன் ஓடிப் போய் வெளியே இருந்து இழுத்தார். அப்போதும் திறக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஏறி இறங்குவதற்காகக் கதவுக்குக் கீழே மாட்டிய படிதான்! கரை மேல் மோதிய படி மேல் நோக்கி வளைந்து, கதவின் அடியைக் கவ்விக் கொண்டது.

கடைசியில் கியர்த் தண்டைத் தாண்டி, டிரைவர் பக்கமாக அப்பத்தாவைத் தூக்கி இறக்கினார்கள். கீழே இறங்கியதும் அவர் கேட்ட கேள்வி இது: "ஏன்டா, ஏறுறதுக்குப் படி வச்சியா, இறங்க விடாமப் பூட்டு வச்சியா?"

டிராக்டர் வந்துதான் வண்டியை இழுத்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பாதை இல்லாத இடத்தில், தண்ணீர் ஓரத்தில், கதவு திறக்காமல் போவது விளையாட்டான காரியம் அல்ல.

அந்தப் படி எங்கே வாங்கியது என்பது இங்கே தேவையில்லை. பளபளவென்று இருந்தது. விலையும் சகாயம். பேரனுக்கு அது போதுமாக இருந்தது. அப்பத்தாவுக்குத்தான் போதவில்லை.

படி வேறு, காப்பு வேறு

ஜீப் போன்ற வண்டிகளின் கதவுக்கு அடியில் இரண்டு வித இரும்புகள் மாட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

ஒன்று, "சைடு ஸ்டெப்". இது மிதித்து ஏறுவதற்கு உள்ள படி. மெல்லிய குழாய், அல்லது அலுமினியப் பலகை. மேலே ரப்பர் ஒட்டியிருக்கும். ஒரு மனிதரின் கனத்தைத் தாங்கினால் போதும் என்ற கணக்கில் செய்தது.

மற்றது, "ராக் ரெயில்". சிலர் "ராக் சிலைடர்" என்பார்கள். இது பாறைக் காப்பு. தடித்த இரும்புக் குழாய். வண்டியின் முதுகெலும்பு போன்ற சேசிஸ் சட்டத்தில் பிடித்திருக்கும். வண்டி கல்லில் மோதினால், வண்டியின் கனத்தையே இது ஏந்த வேண்டும். கதவின் அடித்தகடு நசுங்காமல், வண்டி கல்லின் மேல் சறுக்கிக் கொண்டு போக வேண்டும்.

ஆகவே முதலாவது ஆளுக்காக, இரண்டாவது வண்டிக்காக. என் உறவினர் முதலாவதை மாட்டிக் கொண்டு, இரண்டாவது செய்ய வேண்டிய வேலைக்குப் போனார். வந்தது வினை.

வில்வண்டியின் ஒற்றைப் படி

படி ஒன்றும் புதுமை அல்ல. நம் வீட்டு வில்வண்டியின் பின்னால் ஒரு இரும்புப் படி தொங்குமே, நினைவிருக்கிறதா? புடவையை ஒரு கையால் பிடித்துக் கொண்டு, ஒரே மிதியில் பெண்கள் ஏறுவார்கள். பழைய மோட்டார் கார்களில் முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே நீளப் பலகையே இருந்தது.

ஜீப்புக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. அது யுத்தத்துக்குப் பிறந்த வண்டி. 1941-ம் ஆண்டு அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி ராணுவத்துக்காகச் செய்தது. சிப்பாய் ஏறப் படி எதற்கு? கதவே இல்லை! இந்தியாவில் 1947-ல் மகிந்திரா கம்பெனி அதைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு அதிகாரிகள் கிராமத்துக்கு வருகிற வண்டி என்றாலே ஜீப் என்றாகிவிட்டது.

அந்தப் பழைய வில்லிஸ் ஜீப்பில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுத் தூரம் 80 அங்குலம். அதாவது 6 அடி 8 அங்குலம். இப்போதைய மூன்று கதவுத் தார் வண்டியில் 2,450 மில்லி மீட்டர். அதாவது 8 அடி. 2024-ல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸ் வண்டியில் 2,850 மில்லி மீட்டர். அதாவது 9 அடி 4 அங்குலம்.

இந்தக் கணக்கு எதற்கு என்கிறீர்களா? விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நடுவயிறு தட்டுவது ஏன்?

வண்டி விற்பவர்கள் "தரையிலிருந்து இத்தனை உயரம்" என்று சொல்வார்கள். தார் வண்டிக்கு அது 226 மில்லி மீட்டர். ஏறக்குறைய 9 அங்குலம். இதைக் கேட்டதும் நமக்குத் தைரியம் வந்துவிடும். ஆனால் கரை தாண்டும்போது அந்த உயரம் மட்டும் போதாது.

சோதித்துப் பாருங்கள். ஒரு தீப்பெட்டியின் இரண்டு முனைக்கும் அடியில் பட்டாணி வைத்து, விரலை மடக்கி அதன் மேட்டைத் தாண்ட விடுங்கள். பிறகு அதே உயரப் பட்டாணியோடு நீளமான ஸ்கேலைத் தாண்ட விடுங்கள். ஸ்கேல் நடுவில் தட்டும். சக்கரங்களுக்கு நடுத் தூரம் கூடக் கூட, மேடு வயிற்றில் இடிக்கும்.

ஜிம்னி வண்டியைப் பாருங்கள். மூன்று கதவு ஜிம்னிக்கும், 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கும் தரை உயரம் ஒன்றே: 210 மில்லி மீட்டர். ஆனால் நடுத் தூரம் முதலாவதில் 2,250, இரண்டாவதில் 2,590 மில்லி மீட்டர். அதனால் மேடு தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாகக் குறைந்துவிட்டது. நாலு டிகிரி என்பது கேட்க அற்பம். கண்மாய்க் கரையில் அது அற்பம் அல்ல.

இப்படி இருக்கும் வண்டியில், சரியாக நடுவிலே, இரண்டு பக்கமும் ஒரு படியைத் தொங்க விட்டால் என்ன ஆகும்? மேடு முதலில் தொடுவது அந்தப் படியைத்தான்!

புதுக்கோட்டைச் சீமையில் பாறை குறைவு, நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் போனால்தான் உண்டு என்று சிலர் நினைக்கலாம். பாறை மட்டுமா எதிரி? இங்கே தைலமரக் காடுகள் ஏராளம். மரத்தை வெட்டிய பிறகு அடிக்கட்டை நிற்கும். புல் மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் விலகிப் போகும். கதவுக்குக் கீழே இருக்கும் தகடு போய்க் கட்டையில் மோதும். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்த பிறகு, விழுந்த தென்னைகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வாங்கும்போது எடை போடுங்கள்

இரும்பு வாங்கும்போது கண்ணை நம்ப வேண்டாம். தராசை நம்புங்கள். கறுப்புப் பெயிண்டு அடித்துவிட்டால் மெல்லிய குழாயும் தடித்த குழாயும் ஒன்று போலத்தான் தெரியும்.

கடைக்காரர்கள் "ஒன்றரை இஞ்சு குழாய்" என்பது உண்மையில் வெளிச்சுற்றில் 48 மில்லி மீட்டர் குறுக்களவு உள்ளது. அதன் சுவர் 3.2 மில்லி மீட்டர் தடிமன் இருந்தால், ஒரு மீட்டர் குழாய் மூன்றரைக் கிலோ நிற்கும். சுவர் 1.6 மில்லி மீட்டர் என்றால் இரண்டு கிலோ கூட நிற்காது. முதல் குழாய் காப்புக்கு ஆகும். இரண்டாவது குழாய் படிக்கு மட்டுமே ஆகும்.

நல்ல காப்பு ஒன்றில் ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு குழாய்கள் இருந்தால் அதற்கே பத்தரைக் கிலோ. கால்கள், தகடுகள் சேர்ந்து ஒரு பக்கம் 15 கிலோவைத் தாண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஓர் அரிசிச் சிப்பத்தின் கனத்துக்கு மேல். "ரொம்ப லேசானது சார்" என்று ஒருவர் காப்பை விற்றால் யோசியுங்கள்.

அடுத்து, கால்கள் எங்கே பிடித்திருக்கின்றன என்று குனிந்து பாருங்கள். வேட்டி அழுக்கானால் ஆகட்டும். கால்கள் சேசிஸ் சட்டத்துக்குப் போக வேண்டும். கதவுக்கு அடியில் உள்ள மெல்லிய தகட்டில் போல்ட்டுப் போட்டிருந்தால் அது காப்பு அல்ல. தார், கூர்க்கா, ஜிம்னி ஆகிய வண்டிகளுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. அவற்றுக்குப் படி மட்டும் போதும். காட்டுக்குப் போக வேண்டாம்.

காப்பு, வண்டியின் உடலை ஒட்டி மேலேயே இருக்க வேண்டும். எவ்வளவு கீழே தொங்குகிறதோ, அவ்வளவு இடத்தை நாம் இழக்கிறோம். சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து நிற்பது நல்லது. பின்முனை வெளிப் பக்கமாக வளைந்திருந்தால் இன்னும் விசேஷம். மரத்தை ஒட்டித் திரும்பும்போது அது வண்டியின் பின்பாகத்தைத் தள்ளி விடும்.

பட்டறையில் சேசிஸோடு வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. போல்ட்டுப் போட்டுப் பிடிப்பதே மேல். வளைந்தால் கழற்றலாம். சேசிஸில் சூடு ஏறாது. கம்பெனி உத்தரவாதத்துக்கும் வம்பு வராது. வண்டியில் எங்கே வெல்டிங் வைப்பதானாலும் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இக்கால வண்டிகளில் மின்சார மூளைகள் பல இருக்கின்றன.

மாட்டி முடித்ததும் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, காப்பின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள். வண்டி எழும்பினால் காப்பு. குழாய் வளைந்தால் அலங்காரம். தூக்கியிருக்கும்போது யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

கதவைத் திறந்தால் தானே வெளியே வரும் மோட்டார்ப் படியும் இருக்கிறது. பட்டணத்தில் சுகம். சேறும் சரளையும் புகுந்தால் அது நீட்டியபடி நின்றுவிடும், அல்லது வெளியே வராமலே போகும். நம் ஊர்ச் செம்மண்ணுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு, ஓடும் வண்டியின் வெளிப் படியில் ஆளை நிற்க வைத்துப் போகக் கூடாது என்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் ஜீப் படியில் தொங்கிக் கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம். அது குற்றம்.

அதே சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை மாற்றி அமைப்பது பற்றியது. முன்னால் மாட்டும் இரும்பு வளையம் இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொன்னது. ஆகவே காப்பு மாட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். வண்டியின் அகலத்துக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் இரும்பு, சைக்கிளில் போகிறவரின் காலைப் பதம் பார்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்பத்தா சொன்ன யோசனை

உறவினர் வளைந்த படியைக் கழற்றி எறிந்தார். சேசிஸில் பிடிக்கும் காப்பு வாங்கினார். மேலே சொரசொரப்பான தகடு வைத்தது. கால் வழுக்காது.

ஆனால் காப்பு மேலே ஒட்டி இருக்கிறது. அப்பத்தாவின் முழங்காலுக்கு அந்த உயரம் எட்டவில்லை. தாழ்த்தினால் கரையில் இடிக்கும். தாழ்த்தாவிட்டால் அப்பத்தா ஏற முடியாது. என்ன செய்வது? பேரன் இரண்டு நாள் யோசித்தார்.

"இதுக்கு ஏன்டா மண்டையை உடைக்கிற? நெல் குத்துற இடத்துல ஒரு முக்காலி கிடக்கு, அதைத் தூக்கி வண்டியில போடு" என்றார் அப்பத்தா.

இப்போது அந்த முக்காலி, ஜாக்கிக்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டியபடி பயணம் செய்கிறது. அதன் அடியில் பழைய டயர்த் துண்டு ஆணி அடித்திருக்கிறது, ஈரத் தரையில் நழுவாமல் இருக்க. தோப்புக்குக் கிளம்பும்போது அப்பத்தா முதலில் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறார். முக்காலி இருந்தால்தான் முன்பக்கம் வருகிறார்.