காக்கத் துடிக்கும் சொல்

பரதநாட்டியம் பார்ப்பவர்களுக்குப் பீபத்சம் தெரிந்திருக்கும்: முகம் திரும்பும், மூக்குச் சுளியும், கை முன்னே வந்து தடுக்கும். அந்த ரசத்தின் அடியில் நிலைத்திருக்கும் உணர்வுக்கு நாட்டிய சாஸ்திரம் வைத்த பெயர் ஜுகுப்ஸை. கடும் அருவருப்பைச் சொல்லும் இச்சொல்லின் வேர் ‘குப்’, பொருள், காத்தல். காக்கப்பட்டவர் என்று பொருள்படும் ‘குப்த’வும் அதே வேரில் பிறந்ததுதான். வேரின் முதல் ஒலியை இரட்டித்து, பின்னால் ஸகரம் சேர்த்தால் வடமொழியில் விருப்பப் பொருள் வரும். குடிக்க விழைவது பிபாசை, அறிய விழைவது ஜிஜ்ஞாசை. அந்தக் கணக்கில் ஜுகுப்ஸை, தன்னைக் காத்துக்கொள்ள விழைவது. பீபத்சமும் இதே அச்சில் வார்த்த சொல். அதன் வேரான ‘பாத்’ விலக்கித் தள்ளுவதைக் குறிக்கும்.

இலக்கணம் கற்றவர்கள் இதை மறுக்கலாம். பாணினி விருப்பப் பொருளுக்குத் தனிச் சூத்திரம் வைத்திருக்கிறார். ‘குப்’ அதற்கு முன்பே வேறொரு சூத்திரத்தில் வருகிறது, அங்கே அதற்கு நிந்தித்தல் என்றே உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். உண்மைதான். ஆனால் அது வழக்கில் நிலைத்துவிட்ட பொருள். சொல்லின் உருவமோ பழைய விழைவின் தடத்தை இன்னும் சுமக்கிறது. சொல்லின் பிறப்பை வைத்து உடலின் இயல்பை நிறுவ முடியாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆங்கிலத்தின் ‘டிஸ்கஸ்ட்’ லத்தீனில் சுவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1872இல் டார்வினும் அருவருப்பைச் சுவையோடு சேர்த்தே விளக்கினார். காத்தலா சுவையா, இரண்டில் எது சரி? 1986இல் வெளிவந்த, உளவியலாளர் பால் ரோசின் குழுவின் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் தோய்த்து எடுத்தார்கள். அதன் பிறகு அந்தச் சாற்றைக் குடிக்கப் பெரும்பாலோர் விரும்பவில்லை. முகம் சுளிக்க வைத்தது நாக்கில் பட்ட சுவையன்று, பூச்சி தொட்டது என்ற எண்ணமே. தீட்டுப் பட்டதை உள்ளே விடாமல் நிற்கும் காவல் அது. வடமொழிச் சொல் உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது.

காவல் என்றால் அது காட்டும் எதிரி உண்மையான எதிரியாகத்தான் இருக்க வேண்டுமா? அந்தப் பூச்சியில் கிருமியே இல்லையே! தப்பவிடுவதைவிடத் தவறாகத் தடுப்பது மேல் என்று இயங்கும் காவல் இது. அதனால்தான் அதை மனிதர்மீது ஏவுவதும் எளிதாகிவிட்டது. தீண்டாமை அப்படி ஏவப்பட்டதே. தீண்டாமைக்கு இயற்கையின் ஒப்புதல் என்று எவரும் இந்தக் காவலைக் காட்ட முடியாது. தமிழிலோ தொல்காப்பியம், அருவருப்புக்கு இணையான இளிவரலை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கிலிருந்து அது பிறக்கிறது என்கிறது. அழுகலோ புழுவோ அந்த நான்கில் இல்லை. இருப்பவை நொந்துபோன மனிதரின் நிலைகள்.