ஓய்வுக்குப் பதினொரு படிகள்

அரசாங்க உத்தியோகஸ்தருக்கு ஓய்வு என்பது ஒரு தேதி. அன்றைக்கு மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், மறுநாள் முதல் வேலை இல்லை. வியாபாரிக்கு அப்படியொரு தேதி கிடையாது. சாவி மகன் கைக்குப் போன பிறகும் காலையானால் கால் தானாகக் கடைப்பக்கம் நடக்கும். ஆனேக்கல் கடைத்தெருவில் இப்படி நடக்கிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது நானும் அவர்களில் ஒருவன். ஆகவே சமண நூல்கள் இல்லறத்தாருக்கு வகுத்த பதினொரு நிலைகளை, வேலையை விடுகிறவனுக்கான வழிகாட்டியாக வைத்துப் படித்துப் பார்த்தேன். அதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரம் என்ற வடமொழி நூலில் இந்த நிலைகள் கடைசிப் பகுதியில் வருகின்றன. அதைத் தழுவித் தமிழில் ஈரடிப் பாக்களாக அமைந்ததுதான் அருங்கலச்செப்பு. எங்கள் நயினார் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த நூல். நற்காட்சி, விரதம், சாமாயிகம், பருவ நாள் உண்ணாநோன்பு, உயிருள்ள பச்சைப் பொருள்களை உண்ணாமை, இரவில் உண்ணாமை, பிரமசரியம் என்று ஏழு படிகள். இவை கடையில் உட்கார்ந்துகொண்டே ஏறக்கூடியவை. எட்டாவதில்தான் தொழில் வருகிறது. அதற்குப் பெயர் ஆரம்ப தியாகம். ‘ஆரம்பம்’ என்றால் இங்கே தொடக்கம் அல்ல. பிற உயிருக்கு ஊறு செய்யக்கூடிய முயற்சிகள். சேவகம், பயிர்த்தொழில், வாணிபம் மூன்றையும் பெயர் சொல்லியே விடச் சொல்கிறது நூல். ஒன்பதாவது, பொருள் மீதுள்ள ‘எனது’ என்ற எண்ணத்தை விடுவது. பத்தாவது, அனுமதி தியாகம். பதினோராவதில் வீட்டையே விட்டு, முனிவர் இருக்குமிடம் சென்று, தனக்கென்று சமைக்காத உணவைப் பிச்சையாக ஏற்று வாழ்வது.

எட்டாம் படிக்கு வெகு முன்பே, இரண்டாம் படியின் விரதங்களிலேயே ஓய்வுக்கான பயிற்சி தொடங்கிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திக்குவிரதம் என்று ஒன்று. ஆறு, மலை, காடு, நாடு இவற்றை எல்லையாக வைத்து, இதற்கு அப்பால் போகமாட்டேன் என்று ஆயுளுக்கும் வரம்பு கட்டிக்கொள்வது. தேசவிரதம் அதற்குள் இன்னும் சிறிய வட்டம். ஓராண்டு, நாலு மாதம், ஒரு பட்சம் என்று காலக் கணக்கோடு வருவது. வியாபாரிக்கு ஏற்ற விரதம் என்றால் இதுதான். கொள்முதலுக்கு தர்மாவரம், ஆரணி, காஞ்சிபுரம், சேலம் என்று அலைந்தவன் நான். முதலில் தர்மாவரத்தை நிறுத்தினேன், அப்புறம் சேலம். இப்போது கிழக்கே அத்திப்பள்ளி, வடக்கே சந்தாபுரம், தெற்கே தளி. கோயிலுக்கும் கல்யாணம் கருமாதிக்கும் மட்டும் விதிவிலக்கு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியதால் வீட்டில் உட்கார்ந்த முதல் நாள் திகைப்பாக இல்லை.

ஒன்பதாம் படியில் விடவேண்டிய புறப்பொருள்கள் பத்து என்று உரைகாரர்கள் பட்டியல் தருகிறார்கள். நிலம், வீடு, செல்வம், தானியம், ஆள்கள், கால்நடை, படுக்கை இருக்கைகள், வண்டி வாகனம், துணி, பாத்திரம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு வயதில் வந்தவாசிப் பக்கம் நெல் மண்டியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பிறகு பாத்திரக்கடை, பிறகு ஜவுளி, இடையில் இரண்டு வருஷம் கட்டில் பீரோ கமிஷன் வியாபாரம், கடைசியில் இங்கே தறிக்காரர்களுக்குப் பட்டு நூல். பத்தில் நாலை நானே விற்றுப் பிழைத்திருக்கிறேன்! விற்றதை விடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

பத்தாம் படிதான் கஷ்டம். தொழில், பொருள், மற்ற உலக காரியங்கள் இவற்றில் ‘செய்’ என்றும் சொல்லாமல், ‘செய்யாதே’ என்றும் சொல்லாமல், எது நடந்தாலும் சமநிலையாக இருப்பது. அதாவது யோசனை சொல்லும் உரிமையை விடுவது. தொழிலையும் சொத்தையும் விட்ட பிறகும் இது மிச்சம் இருக்கும் என்று அறிந்தே தனிப் படியாக வைத்திருக்கிறார்கள். மனுஷ சுபாவம் தெரிந்தவர்கள்.

ஒரு நாள் பழைய தறிக்காரர் ஒருவர் கடனுக்கு நூல் கேட்டு வந்தார். மகன் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. நான் வாசலிலேயே, “பழைய பாக்கி என்னாச்சு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். மகன் சத்தம் போடவில்லை. கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “கடை யாருதுப்பா?” என்று மட்டும் கேட்டான். பத்து நாள் அந்த நோட்டு என் பக்கத்திலேயே கிடந்தது. அவன் என்னிடம் பேசவில்லை.

அந்தப் பத்து நாளில்தான் சரவணபெளகொளாவின் கூகே பிரம்மதேவர் தூணைப் பற்றி மறுபடி எடுத்துப் படித்தேன். சந்திரகிரியில் இருப்பது. கங்க மன்னன் இரண்டாம் மாரசிம்மனின் நினைவுக்கு நிறுத்தியது. சுமார் 974-ஐச் சேர்ந்தது. இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனுக்காக அவன் வடக்கே சென்று போரிட்டது, நொளம்பரை வென்று ‘நொளம்பகுலாந்தகன்’ எனப் பெயர் பெற்றது என்று வெற்றிகள் வரிசையாக வருகின்றன. முடிவில், அரசைத் துறந்து, ஓராண்டு கழித்து, பங்காபுரத்தில் அஜிதசேனர் திருவடியில் மூன்று நாள் சல்லேகனை நோற்று உயிர் நீத்தான் என்கிறது.

இதற்குச் சற்று முன், 973-இல், இராஷ்டிரகூடப் பேரரசு சாளுக்கியத் தைலபனிடம் வீழ்ந்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்த நான்காம் இந்திரனுக்கு முடிசூட்டிப் பார்த்தான் மாரசிம்மன், நிலைக்கவில்லை. அந்த இந்திரனும் 982-இல் சரவணபெளகொளாவில் சல்லேகனை நோற்றே இறந்தான். ஆக, எல்லாம் சீராக நடக்கும்போது மாரசிம்மன் அரசை விடவில்லை. பாதியில் நிற்கிற காரியத்தை அப்படியே விட்டுப் போனான். நாமெல்லாம் ‘இது ஒன்று முடியட்டும், அப்புறம் விடுகிறேன்’ என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

அவனிடம் அமைச்சராகவும் தளபதியாகவும் இருந்த சாவுண்டராயர் அடுத்த மன்னன் இராசமல்லனிடமும் பதவியில் தொடர்ந்தார். பதவியிலிருந்தபடியே 978-இல் கன்னடத்தில் சாவுண்டராய புராணம் எழுதினார். அதன்பின் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 57 அடி உயரக் கோமடேசுவரரை எழுப்பினார். எல்லோரும் ஒரே மாதிரி விடவேண்டும் என்பதில்லை. நம் காலத்துக்கு அருகில், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த அ. சக்கரவர்த்தி நயினார் ஓய்வுக்குப் பிறகுதான் தமிழ்ச் சமண இலக்கியம் பற்றிய ஆங்கில நூலையும் (1941), சமயசாரப் பதிப்பையும் (1950), திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பையும் (1953) வெளியிட்டார்.

பதினோராவது நாள் நோட்டை மகனிடம் கொடுத்தேன். அந்தத் தறிக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார். அவரைத் திரும்ப அழைத்துவந்தது அவன்தான். அன்று முதல் நாலு மாதத்துக்கு ஒரு தேசவிரதம் எடுத்தேன். கடைக்குள் போகலாம், கல்லாவுக்கு அந்தப்பக்கம் போவதில்லை. இது மூன்றாவது தடவை புதுப்பித்திருக்கிறேன். யாராவது, “பெரியவரே, நூல் என்ன ரேட்?” என்று கேட்டால், “பையனைக் கேளுங்க” என்கிறேன். போன வாரம் அவன் ஒருவருக்கு என் மனசில் இருந்த விலையைவிடக் குறைத்துச் சொன்னான். கண் தராசுப்பக்கம் போய்விட்டது. வாய் திறக்கவில்லை.